இரண்டு வருஷம்தான் என்று போனவன் எழுதுகிறேன்

2025 டிசம்பர்

அன்புள்ள யாழினிக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, பாத்துக்கிறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சமைத்து முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

ஜெர்மனியில் தனியார் மருத்துவக் காப்பீட்டில் சேரச் சொல்லி ஒரு காப்பீட்டு ஆலோசகர் கொடுத்தார் என்று நீ அனுப்பிய இரண்டு பிடிஎஃப்பையும் ஒரு வாரமாக வைத்துப் பார்த்தேன். ஜெர்மன் பக்கங்களைப் போன் கேமராவில் காட்டி மொழிபெயர்ப்பு போட்டுத்தான் படித்தேன், அது கொடுக்கிற தமிழ் ஒரு தனி பாஷை. 'சுய பங்கேற்பு' என்று ஒன்று வந்தது. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது, வருஷத்தில் முதல் 900 யூரோ மருத்துவச் செலவை நீயே கையிலிருந்து போட வேண்டும், அதற்கு மேல் போனால்தான் காப்பீட்டுக் கம்பெனி தரும். அந்த ஆலோசகர் உனக்குக் காட்டிய கணக்கில் இது எங்கேயும் இல்லை. அரசு வழிக் காப்பீடு என்றால் உன் பங்கு மாதம் 471 யூரோ, தனியார் என்றால் 260, ஆகவே 211 யூரோ மிச்சம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். நம்ம ஊர்ப் பணத்தில் இருபதாயிரத்துக்கு மேல், யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் உடம்புக்கு வந்த வருஷத்தில் அந்த 900-ஐப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 75 போய்விடுகிறது. உன் ஆபீஸ் ப்ரீமியத்தில்தான் பாதி தரும், இந்த 900-ல் தராது.

471 எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல், அரசு வழிக் காப்பீட்டை நடத்துகிற ஒவ்வொரு நிதியமும் கூடுதலாக வாங்குவது இந்த வருஷம் (2025) சராசரியாக 2.5 சதவீதம், இரண்டிலும் பாதி உனக்கு, பாதி முதலாளிக்கு. மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 5,512.50 யூரோவுக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஜனவரியில் இதெல்லாம் ஏறுகிறது, உன் பங்கு 500-ஐத் தாண்டும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுமைப் பராமரிப்புக் காப்பீடு தனி. அதில் 23 வயசுக்கு மேல் பிள்ளை இல்லாதவர்கள் 0.6 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே ஜாதகத்தை எடுத்துவிடுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆலோசகர் உன்னிடம் சொன்னதாக நீ சொன்னாயே, "நீங்க எப்படியும் அஞ்சு வருஷத்துல இந்தியா திரும்பிடுவீங்க, வயசானப்புறம் ப்ரீமியம் ஏறுறதப் பத்தி உங்களுக்கு என்ன கவலை" என்று. அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த வரி. ஏனென்றால் அது நான் சொன்ன வரி. 1994-ல் துபாய்க்குப் போகும்போது இரண்டே வருஷம், உன் அத்தை கல்யாணக் கடனை அடைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று உன் தாத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். 2016-ல் திரும்பி வந்தேன். சத்வாவில் எங்கள் அறையில் ஆறு கட்டில், ஆறு பேருமே 'அடுத்த வருஷம் ஊருக்கு' என்றுதான் இருந்தோம். யாரும் ஒரு நல்ல மெத்தைகூட வாங்கவில்லை, போகப் போகிறவனுக்கு எதற்கு மெத்தை? முதுகு வலி இன்றைக்கும் இருக்கிறது. அங்கே காப்பீடு கட்டாயம் என்று சட்டம் போட்டதே 2013-ல், அதற்கு முன்னால் எங்களுக்கெல்லாம் நெஞ்சு வலி வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதுதான் வழக்கம்.

நீ ஐந்து வருஷத்தில் வந்தால் சந்தோஷம், நான்தான் முதல் ஆளாகத் திருச்சி ஏர்போர்ட்டில் நிற்பேன். ஆனால் காப்பீட்டை வரப்போகிறவளாக நினைத்து எடுக்காதே, அங்கேயே இருந்துவிடப் போகிறவளாக நினைத்து எடு. அரசு வழியில் இருந்துவிட்டு நீ சீக்கிரம் திரும்பினால் நஷ்டம் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். தனியாரில் இருந்துவிட்டு நீ திரும்பாமல் போனால்தான் சிக்கல். அங்கே சம்பளத்தைப் பார்த்து வசூலிப்பதில்லை, சேரும்போது உன் வயசையும் உடம்பையும் பார்த்துத் தொகை போடுகிறார்கள், மருத்துவச் செலவு ஏற ஏற அவர்களும் ஏற்றுகிறார்கள். முதுமைக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறார்கள்தான், ஆனாலும் வேலை போனாலும் சம்பளம் குறைந்தாலும் தொகை குறையாது. நீ இந்தியாவுக்கே வந்துவிட்டால் அந்த ஒதுக்கிய பணமும் உன் கையில் வராது.

கல்யாணம் பற்றியும் யோசி, அம்மாவுக்காகச் சொல்லவில்லை. அரசு வழியில் இருந்தால், வருகிறவருக்கு அங்கே வேலை கிடைக்கிறவரை உன் காப்பீட்டுக் கார்டிலேயே ஒரு யூரோ கூடுதல் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளையும் அப்படியே. தனியாரில் தலைக்குத் தலை தனி ப்ரீமியம். பிரசவ விடுப்பு முடிந்து பிள்ளையைப் பார்க்க ஒரு வருஷம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தால், அரசு வழியில் கட்ட வேண்டியதில்லை, தனியாரில் முழுப் பணத்தையும் முதலாளியின் பாதியையும் சேர்த்து நீயே கட்ட வேண்டும்.

இப்போது அந்த இரண்டாவது பிடிஎஃப். அது என்னவென்று அவர் உனக்குச் சொன்னாரா? "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிப்பா" என்றாய். அது ஃபார்மாலிட்டி இல்லை, மா. தனியாரில் சேர இந்த வருஷம் சம்பளம் 73,800 யூரோவைத் தாண்டியிருக்க வேண்டும், உன்னுடையது 76,000, அதனால் இந்த டிசம்பரில் உனக்குக் கதவு திறந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு 77,400 ஆகிறது. அதாவது அடுத்த மாதம் சட்டமே உன்னைத் தானாக அரசு வழிக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அப்படி வராமல் இருக்க 'எனக்கு விலக்கு கொடுங்கள்' என்று மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த விண்ணப்பம்தான் இரண்டாவது பிடிஎஃப். எழுதிக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. நான்கு வரிதான் இருக்கிறது அந்தத் தாளில், நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு வேறு போட்டுக் கொடுத்திருக்கிறார். தேதியைக்கூட அவரே நிரப்பிவிட்டார். எங்கள் கம்பெனி ஸ்டோரில் சரக்கு வரும்போது டெலிவரி நோட்டில் இப்படி மஞ்சள் கோடு போட்டு நீட்டுகிற டிரைவர்களிடம்தான் நான் பெட்டியைப் பிரித்து எண்ணுவேன்.

சம்பளம் வரம்புக்குக் கீழே வந்தால் எப்போது வேண்டுமானாலும் அரசு வழிக்குத் திரும்பலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பொய் இல்லை, பாதி உண்மை. இந்த விலக்கை வாங்கியவருக்கு அந்தக் கதவு பூட்டியதுதான், 55 வயசுக்கு மேல் மற்றவர்களுக்கும் அநேகமாகப் பூட்டு. உனக்கு 28. 55 என்பது ரொம்ப தூரமாகத் தெரியும். எனக்குத் துபாயில் 30 வயசாக இருந்தது நேற்று மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் தனியார்தான் என்றால் உன் இஷ்டம், சம்பாதிக்கிறது நீ. ஆனால் உடல்நலக் கேள்விப் படிவத்தில் மட்டும் யார் சொன்னாலும் மறைக்காதே. தைராய்டு மாத்திரையை "அதெல்லாம் எழுத வேண்டாம், சின்ன விஷயம்" என்று அவர் சொன்னதாக நீ சொன்னபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், அப்போது உனக்குப் பரீட்சை என்று மறைத்துவிட்டோம்.

நான் ஊருக்கு வந்ததும் நமக்கு ஒரு குடும்ப பாலிசி எடுத்தேன். ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, கேள்வி எல்லாவற்றுக்கும் 'இல்லை, இல்லை' என்று டிக் போட்டுக்கொண்டே போனார். உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்றேன். "அண்ணே, அத எழுதினா ப்ரீமியம் ஏறும், யாரும் எழுதறதில்ல" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன், அந்தத் தப்பு என்னுடையது. 2019-ல் அம்மாவுக்குக் காலில் புண் வைத்து, தஞ்சாவூரில் ஒன்பது நாள் இருந்தோம். சேர்த்த அன்று ராத்திரி டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், "சுகர் எத்தனை வருஷமாம்மா?" என்று கேட்டாள். உன் அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? "பத்து வருஷம் இருக்கும் கண்ணு" என்றாள். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியாக ஏறிவிட்டது. பாலிசி எடுத்தே இரண்டு வருஷம், நோய் பத்து வருஷம். க்ளெய்மைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1,86,000 ரூபாய், உன் அம்மாவின் இரண்டு வளையலை வைத்துத்தான் கட்டினேன். ஏஜென்ட்டுக்குப் போன் செய்தால் "ஃபார்ம்ல கையெழுத்து உங்களோடதுதானே அண்ணே" என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஜெர்மனியில் இன்னும் கடுமை. மறைத்தது பின்னால் தெரிந்தால் மூன்று வருஷம் வரை ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம், வேண்டுமென்றே மறைத்தது என்றால் பத்து வருஷம் வரை. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. மாஸ்டர்ஸ் கடைசி செமஸ்டரில் நீ மனநல ஆலோசனைக்குப் போனதை அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். போனது ரொம்ப நல்லது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் தனியார் கம்பெனிகள் தைராய்டைவிட இதைத்தான் பெரிதாகப் பார்க்கிறார்கள், சில பேரைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். பெயர் சொல்லாமல் 'இப்படி ஒருவருக்கு எவ்வளவு போடுவீர்கள்' என்று முன்கூட்டியே விசாரிக்கிற முறை அங்கே உண்டு, கேட்பதாக இருந்தால் அப்படிக் கேள். அரசு வழியில் இந்தக் கேள்வியே இல்லை. 1883-ல் பிஸ்மார்க் காலத்தில் ஆரம்பித்தது, இன்றைக்கும் அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் அதில்தான் இருக்கிறார்கள்.

தனியாரில் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. தோல் டாக்டர், கண் டாக்டரிடம் சீக்கிரம் நேரம் கிடைக்கும், ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைக்கும். அரசு வழிக் கார்டு என்றால் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று நீயே புலம்பியிருக்கிறாய். அது நிஜமான குறை. அவசரமில்லாத நேரத்தில் காத்திருக்கலாம், ராத்திரி முடியவில்லை என்றால் 116117-க்குப் போன் செய், உயிர் போகிற அவசரம் என்றால் 112. இரண்டையும் போனில் போட்டு வைத்திருக்கிறாய்தானே?

என்னைக் கேட்டால் படிக்கும்போது இருந்த டெக்னிகர் என்கிற அரசு வழி நிதியத்திலேயே தொடர்ந்துவிடு, ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். எந்த நிதியமாக இருந்தாலும் கிடைக்கிற சிகிச்சை அநேகமாக ஒன்றுதான், சட்டமே அப்படி. பிடிக்கவில்லை என்றால் 12 மாதம் கழித்து மாறிக்கொள்ளலாம். மருந்துக்கு ஐந்திலிருந்து பத்து யூரோ, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்குப் பத்து யூரோ, அதுவும் வருஷத்துக்கு 28 நாள் வரைதான், கையிலிருந்து போகிற செலவு பெரும்பாலும் இவ்வளவே. பல்லுக்கு மட்டும் அவர்கள் கை கொஞ்சம் இறுக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் போய் அந்த போனஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள், ஐந்து வருஷம் விடாமல் வாங்கினால் பல் கட்டும்போது 60 சதவீதத்துக்குப் பதில் 70 தருகிறார்களாம். சாக்லேட் தின்கிற உனக்கு உதவும்.

அப்புறம் பொங்கலுக்கு வருகிறாயே, அந்தக் கார்டு இங்கே செல்லாது. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று வருஷப் பாலிசி இருக்கிறது, முப்பது யூரோவுக்குள் முடியும். எத்தனை நாள் வரை செல்லும் என்று மட்டும் பார்த்து வாங்கு, ஆறு வாரம் என்று போட்டிருந்தால் நீ ஏழாவது வாரம் இங்கே கொசுக்கடி வாங்கக் கூடாது.

எங்களை உன் கார்டில் சேர்க்க முடியுமா என்று அம்மா கேட்டாள். முடியாது, பெற்றோருக்கு அந்தச் சலுகை இல்லை. நாங்கள் சுற்றிப் பார்க்க வந்தால் விசாவுக்கு 30,000 யூரோ பயணக் காப்பீடு எடுக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே நம் பாலிசியையும் சர்க்கரையை எழுதிப் புதிதாக எடுத்துவிட்டேன், செப்டம்பர் 22-லிருந்து 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள், அதனால் இந்த முறை காப்பீட்டுத் தொகையைப் பத்து லட்சமாக ஏற்றினேன். அம்மா வளையல் இரண்டும் திரும்பி வந்து மூன்று வருஷமாகிறது, உனக்குத் தெரிந்தது கையில் போட்டிருப்பதுதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீடியோவில் வரும்போது அந்த இரண்டாவது தாளை எடுத்து வை, கையெழுத்துப் போடாமல். ஒரு தடவை சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அப்பா