எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

அன்பு மகளுக்கு,

பழைய வீடு ஒன்றைச் செப்பனிடும் பொறுப்பை அலுவலகத்தில் உன்னிடம் ஒப்படைத்திருப்பதாகவும், பிற்காலத்தில் சேர்ந்தவற்றையெல்லாம் எடுத்துவிட்டு வீட்டை அதன் முதல் உருவத்துக்கே கொண்டுவர வேண்டுமென்று வீட்டுக்காரர் வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தாய். பொதுப்பணித்துறையில் இருந்த காலத்தில் இதே கேள்வி என் முன்னாலும் வந்ததுண்டு. ஆனால் அதற்குச் சரியான விடையை நான் கண்டது, நீ என்னை இங்கிலாந்தின் செஷயருக்கு அழைத்துப்போய்க் காட்டிய லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய மரச்சட்ட மாளிகையில்தான். முதல் உருவம் என்று ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடங்காதே என்பதே என் பதில். அந்த வீட்டை வைத்தே ஏன் என்று சொல்கிறேன்.

மோர்ட்டன் குடும்பத்தார் ஏறத்தாழ 1504 முதல் 1610 வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, அந்த வீட்டைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். முதலில் எழுந்தது வடக்குக் கட்டில் உள்ள பெருங்கூடம். பிறகு தலைமுறைக்கு ஒன்றாகக் கட்டுகள் சேர்ந்து, நடுவில் கல் பாவிய சிறு முற்றத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டன. 1610 வாக்கில் ஒரு சமையலறையும் பியர் காய்ச்சும் அறையும் வந்ததோடு பெரிய வேலைகள் நின்றுபோயின. இதில் எந்த ஆண்டை முதல் உருவம் என்பது? பெருங்கூடம் எழுந்த 1508 வாக்கை என்றால், இன்று மக்கள் தேடி வந்து பார்க்கும் பாதி வீடு அப்போது பிறக்கவே இல்லை.

பெருங்கூடத்தை ஒட்டி, முற்றத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு சாளரக் கூண்டுகளை நாம் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? இடம் போதாத இடத்தில் இரண்டையும் நெருக்கி வைத்ததால், மேல்மாடியில் அவை தோளோடு தோள் உரசும் இரண்டு பேரைப்போல நிற்கின்றன. இந்தச் சாளரங்களை 1559இல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்தார் என்றும், ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் இறைவனருளால் செய்தார் என்றும் மரத்திலேயே செதுக்கியிருக்கிறது. காசு கொடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் கைவேலை செய்தவரின் பெயரும் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அந்தச் சாளரங்கள் இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்ததற்குக் காரணம், கூடத்தின் நடுவில் அப்போது ஒரு மேல்தளம் போட்டதுதான். பின்னாளில் அந்தத் தளத்தை எடுத்துவிட்டார்கள். சாளரங்கள் அப்படியே நின்றன. அவை ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்பவருக்கு, இல்லாமற்போன தளம்தான் விடை.

இனி நம் இருவருக்குமே பிடித்த இடத்துக்கு வருகிறேன். தெற்குக் கட்டின் உச்சியில் இருக்கும் நீள்கூடத்தின் நீளம் 21 மீட்டர்; மழைநாளில் வீட்டுக்குள்ளேயே உலாவுவதற்கென்று அந்தக் காலத்துச் செல்வர்கள் விரும்பிக் கட்டிக்கொண்ட அறை அது. ஆனால் தெற்குக் கட்டைத் திட்டமிட்டபோது இப்படி ஓர் அறை வரப்போவதாக யாரும் நினைக்கவில்லை. பிறகு தோன்றிய ஆசைக்காக மேலே ஏற்றி வைத்தார்கள். கீழே மரச்சட்டம், மேலே கனத்த மணற்கல் பலகை வேய்ந்த கூரை, இடையில் குறுக்குச் சுவரே இல்லாமல் இருபுறமும் வரிசையாகக் கண்ணாடிச் சாளரங்கள். கைமரங்கள் பளுவைத் தாங்கிச் சுவரை வெளியே தள்ளும்போது அதை இழுத்துப் பிடிக்க அப்போது என்ன இருந்தது? தரை அலை அலையாக ஏறி இறங்குவதும், வெளியிலிருந்து பார்த்தால் கட்டடமே நெளிவதும் அதனால்தான். ஒரு பொறியாளனாக அந்த முடிவை நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஆயினும், 1556இல் வெளிவந்த ஒரு வானியல் நூலின் படத்தைப் பார்த்து, அறையின் இரு கோடியிலும் விதியையும் அதிர்ஷ்டத்தையும் சுதையில் வடித்து வைத்த அந்த நீள்கூடத்தை எடுத்துவிட்டால், அந்த வீட்டில் பார்க்க என்ன மிஞ்சும்?

அதற்குப் பிறகு வீடு மாறாமல் நின்றதற்குக் காரணம் பக்தியோ பாதுகாப்புணர்வோ அல்ல, பணமுடை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற குடும்பம் கடனில் மூழ்கியது. வீடு குத்தகை விவசாயிகளின் கைக்குப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வழிபாட்டு அறையில் நிலக்கரி குவித்து வைத்திருந்தார்கள். காசு இருந்திருந்தால், அடுத்தடுத்த காலத்து மோஸ்தருக்கேற்ப இடித்துச் செங்கல்லில் கட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1892இல் அந்த வீடு எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னித்துறவியின் பொறுப்பில் வந்தது. அவர் வழிபாட்டு அறையைச் சீராக்கினார். நீள்கூடத்தைத் தாங்க எஃகுக் கம்பிகளைப் பொருத்தியதும் அவராக இருக்கலாம் என்கிறார்கள். நெளிந்ததை நிமிர்த்தப் பார்க்காமல், மேலும் நெளியாமல் பிடித்து நிறுத்திய வேலை அது. வீட்டை விற்கவே கூடாது என்ற நிபந்தனையோடு 1912இல் ஓர் உறவினருக்கு எழுதி வைத்தார். அந்த உறவினர் 1938இல் அதை, பழைய கட்டடங்களைப் பேணிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். வீட்டுக்கு வாய்த்தவர்களிலேயே இந்தத் துறவியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

1976இல் ஒரு சிறிய அறையின் சுவர்ப்பலகையை அகற்றியபோது, அதன் பின்னால் 16ஆம் நூற்றாண்டு ஓவியம் இருப்பது தெரிந்தது. பிற்காலத்தவர் போட்டு மறைத்த பலகைதான் அந்த வண்ணத்தை வெளிச்சமும் புகையும் தொடாமல் காத்திருந்தது. வீட்டுக்காரர் உன்னிடம் பிற்காலச் சேர்க்கை என்று விரலை நீட்டும்போதெல்லாம் இதைச் சொல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்து வீடுகள் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் கறுப்பு வெள்ளைத் தோற்றம் விக்டோரியா காலத்துப் பழக்கம். ஓக் மரத்தை முன்பு தார் பூசாமல் அதன் வெளிறிய நிறத்திலேயே விட்டிருந்தார்கள். டிரஸ்ட் செப்பனிட்டபோது புதிதாக வைத்த மரங்களை இயல்பான நிறத்திலேயே விட்டதால், எது பழையது, எது நேற்று வைத்தது என்று நாமே கண்டுகொள்ள முடிந்தது. உன் வேலையிலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

எதையும் கழற்றுவதற்கு முன் சட்டங்களைக் கையால் தடவிப் பார். ஆணி இறங்காத வெற்றுத் துளை, எதுவும் வந்து சேராத பொருத்துக்குழி, தச்சர்கள் கீறிய எண் குறிகள் ஆகியவை இருந்தால் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள். மிக முக்கியமாக, மேலே உள்ளதைக் குறைத்தால் கீழே பளு எப்படி இடம் மாறும் என்று கணக்குப் போடாமல் ஒரு பலகையைக்கூட எடுக்க விடாதே. நானூறு ஆண்டுகளாகச் சாய்ந்தே பழகிய சட்டத்தை ஒரே நாளில் நிமிர்த்த முயன்றால் பொருத்துகள் கிழிந்துவிடும். வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தையும், உத்தரங்கள் சுவரில் உட்காரும் இடங்களின் புகைப்படங்களையும் எனக்கு அனுப்பு. பளுக் கணக்கை நான் இங்கே தனியாகப் போட்டுப் பார்க்கிறேன், உன் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா