இரவில் ஒரு மண்டபக் கதவைத் திறந்து விடுங்கள்

யாழ்ப்பாணத்துக் கோயில் பரிபாலன சபைகளுக்கும், கத்தோலிக்கப் பங்குச் சபைகளுக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தைச் சுற்றியும் பெரியாஸ்பத்திரிப் பக்கமும் படுத்தெழும்புகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் நீங்களும் உங்கள் அடியார்களும்தான். அன்னதானம், நோன்புக் கஞ்சி, திவசத்துக்குக் கட்டிய பார்சல், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பிறந்தநாளுக்குக் காசு அனுப்பிக் கொடுக்கச் சொன்ன சோறு என்று ஏதாவது வந்து சேர்ந்துவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தட்டுப்பாடே இல்லை. செல்வச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனால் பசியாறலாம் என்று அவர்களே ஆளுக்காள் சொல்லிக்கொள்வார்கள். நான் தெருவில் இருப்பவர்களுக்கென்று பணிசெய்கிற ஒரு கத்தோலிக்கக் குரு. உங்களிடம் சோறு கேட்டு வரவில்லை. படுக்க இடம் கேட்டு வருகிறேன்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்கள் வந்து சேருகிற நேரத்தில் என் நாள் தொடங்கும். கடைக்காரர் வரமுன் மட்டையைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் இடத்தைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அந்த அவசரத்துக்குள்தான் ஆளையாள் பார்த்துக் கதைக்கலாம். ஒரு அம்மா இருக்கிறார், வயது அறுபதுக்கு மேல். பின்னேரம் ஆனால் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கமாட்டார். குடித்தால் இரவில் எழும்ப வேண்டும், எழும்பினால் எங்கே போவது? இருட்டில் தனியாகப் போகப் பயம். அதனால் அடிக்கடி சலக்கடுப்பு வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். “நிறையத் தண்ணி குடியுங்கோ அம்மா” என்றார் டொக்டர். அம்மா மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், “பாதர், சாப்பாட்டுப் பார்சலைக் குறைச்சாலும் பரவாயில்லை, ஒரு கக்கூஸ் காட்டச் சொல்லுங்கோ” என்றார். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பகலில் பாதி கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கழியும். அடையாள அட்டை எடுக்க வதிவிடத்தை உறுதிப்படுத்த வேண்டும். அட்டை இல்லையென்றால் 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவிக்கும் வழியில்லை. அது அதிகாரிகளோடு பேச வேண்டிய விஷயம், தனியே எழுதுவேன்.

மதம் மாற்ற வருகிறேன் என்று யாரும் ஐயப்பட வேண்டாம். என் பையில் நோயாளருக்குப் பூசும் எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு சரை திருநீறும் இருக்கிறது. முனியப்பர் கோயிலில் வாங்கி வைத்தது. நடக்க முடியாத ஒரு அப்பு கேட்பார், கொடுப்பேன். அவர் பூசிக்கொண்டு கண்ணை மூடுவார், நானும் பக்கத்தில் இருந்து செபிப்பேன். தெருவுக்கு வந்த காரணம் ஒவ்வொருவருக்கும் ஒன்று. 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர், குடியால் வீட்டை இழந்தவர், மனநோய்க்கு மருந்து எடுக்காமல் விட்டவர், மலையகத்திலிருந்து கூலிக்கு வந்து திரும்பிப்போகக் காசில்லாதவர். கைதடி முதியோர் இல்லம் வயதானவர்களுக்குத்தான். நாற்பது வயதுக்காரரை எங்கே கொண்டுபோய் விடுவது?

நம் முன்னோர் இதை யோசித்திருக்கிறார்கள். பருத்தித்துறையில் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. தெருவை மூடிக் கூரை, இரு பக்கமும் படுத்தாறக் கல் திண்ணை. நடந்துவந்தவர் யார், எவர் என்று கேட்காமல் படுக்கவிட்ட இடம். மடத்தோடு கேணி வெட்டி, சுமைதாங்கிக் கல்லும் நட்ட ஊர் இது. இன்று எங்கள் பங்கு மண்டபமானாலும் உங்கள் கல்யாண மண்டபமானாலும் நிகழ்வு முடிந்தவுடன் பூட்டு. ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் பஸ் நிலையத் தரையில் சாரல் படாத மூலை கிடைப்பதே கஷ்டம். இரவெல்லாம் ஈரத்தில் கிடந்த கால் வெளிறி, விரலிடுக்கு வெடித்துப் போயிருக்கும். விடிய மருந்து போட்டு என்ன பயன், இரவு திரும்ப அதே ஈரம்தானே.

நான் கேட்பது கொஞ்சம்தான். ஐப்பசி முதல் தை வரை, நகரத்துக்குள் ஒவ்வொரு சமயத்தவரும் ஒரு மண்டபம். இரவு ஏழு மணிக்குத் திறந்து விடிய ஆறுக்குப் பூட்டலாம். ஒரு தண்ணீர்க் குழாய், பெண்களுக்குத் தனிப் பக்கம், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. கோயிலின் துப்புரவு பற்றிய கவலை எனக்கும் விளங்கும். கோயிலுக்குள் இடம் கேட்கவில்லை, வெளியே தனியாக நிற்கிற மண்டபத்தைத்தான் கேட்கிறேன்.

“குடித்துவிட்டு வருவார்களே, சாமான் களவு போகுமே” என்பீர்கள். சரி, சிலர் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். அதனால் ஒவ்வொரு இரவும் இருவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஆட்களை நான் ஒழுங்கு செய்கிறேன், முறை போட்டு நானும் இருப்பேன். காலையில் கழுவித் துடைத்துத் திறப்பைத் திருப்பித் தருவதும் எங்கள் பொறுப்பு.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். கூப்பிட்டால் வந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். மூன்றும் கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு மண்டபம் கிடைத்தாலும் மழைக்கு முன்னமே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தெருவோரத்து மக்களின் பணியில் உள்ள ஒரு குரு
யாழ்ப்பாணம்