பாடநூல் எழுதும் வரலாற்று ஆசிரியர்களுக்கு: ரோம் சிசிலியைப் பிடித்த விதத்தை முழுதாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

படைபலத்தால் ரோம் இத்தாலிக்கு வெளியே பரவியது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். கடல் தாண்டி ரோமுக்குக் கிடைத்த முதல் நிலம் சிசிலி. அதை மட்டும் விரிவாக எழுதினாலே, பின்னால் ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் நடந்தது மாணவர்களுக்குப் பிடிபடும்.

கி.மு. 264இல் சிசிலியின் மெசானா நகரைப் பிடித்துவைத்திருந்த மாமர்டைன் கூலிப்படையினர் உதவிக்கு அழைத்தார்கள். அவர்கள் யாரென்று தெரிந்தேதான் ரோம் போனது. மறு ஆண்டு, அதே தீவிலிருந்த சைரக்யூஸ் நகரின் மன்னர் ஹீரோ ரோமுடன் சமாதானமாகித் தானியம் அனுப்பினார். சிசிலிக்காக ரோமோடு மோதிய வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜின் கையில் கடல் இருந்த அந்த நேரத்தில், தீவிலிருந்த ரோமப் படைக்கு அது பெரிய பலம்.

கடற்படைப் பகுதியை அவசரமில்லாமல் எழுதுங்கள். கரைதட்டிச் சிக்கிய கார்த்தேஜ் கப்பலொன்றை மாதிரியாக வைத்து 100 குவின்குரீம்களை, அதாவது துடுப்பால் ஓடும் பெரிய போர்க்கப்பல்களை, ரோமர்கள் கட்டினார்கள். அவை தயாராகும் முன்பே ஆட்களைத் தரையில் பலகை போட்டு உட்காரவைத்துத் துடுப்பு வலிக்கப் பழக்கினார்கள். கப்பலைச் சட்டெனத் திருப்பி மோதுவதில் கார்த்தேஜியரை மிஞ்ச முடியாது. அதனால் முன்புறத்தில் 24 அடிக் கம்பம் நட்டு, 36 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஏறுபாலத்தைக் கப்பியில் தொங்கவிட்டார்கள். நுனியிலிருந்த இரும்பு முள் எதிரியின் மேல்தளத்தில் குத்தி நின்றதும் வீரர்கள் பாய்ந்து ஏறினார்கள். கி.மு. 260இல் மைலே கடற்போரில் வெற்றி இப்படித்தான் வந்தது.

தோல்விகளையும் சேருங்கள். கி.மு. 255இல் கப்பலோட்டிகளின் எச்சரிக்கையை மீறிச் சிசிலியின் தென்கரையோரம் போனதால், புயலில் 364 கப்பல்களில் 80 மட்டுமே தப்பின என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். பிற்பாடு கருவூலம் வற்றியபோது, செல்வர்கள் தனித்தும் இருவர் மூவராகவும் கப்பலுக்குப் பணம் போட்டார்கள். வென்றால்தான் அது திரும்ப வரும். அப்படிக் கட்டிய 200 கப்பல்களே கி.மு. 241இல் போரை முடித்தன.

கார்த்தேஜ் சிசிலியைக் காலிசெய்து, 3,200 தாலந்து வெள்ளி தர ஒப்புக்கொண்டது: 1,000 உடனே, மீதி பத்தாண்டுகளில். ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ. கி.மு. 238இல், கூலிப்படைக் கலகத்தில் கார்த்தேஜ் நொந்திருந்த நேரம் பார்த்து, போர் என்று மிரட்டியே ரோம் சார்டீனியாவையும் இன்னும் 1,200 தாலந்தையும் பறித்தது. அதில் துளி நியாயமும் இல்லை. ரோமை மதித்த பாலிபியஸே அதை மறைக்கவில்லை.

ஆளுநர்கள் வந்தது இன்னும் தாமதமாக. கி.மு. 227இல்தான் பிரேட்டர்கள் எனப்படும் ரோமின் உயர் அதிகாரிகளை நால்வராக்கி, சிசிலிக்கும் சார்டீனியாவுக்கும் ஒவ்வொருவரை ஒதுக்கினார்கள்.

ஆகவே, வரைபடத்தில் 264, 241, 238, 227 ஆகிய நான்கு ஆண்டுகளையும் தனித்தனி நிறத்தில் காட்டுங்கள். இனி வரும் பதிப்பில் இதையாவது செய்துதரக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பண்டைய வரலாறு கற்பிப்போர் சிலர்