சின்னவளுக்கு நாளை சோறு தீத்துகிறோம்

அன்புள்ள எல்லோருக்கும்,

சின்னவளுக்கு இன்றோடு ஆறு மாதம் நிறைகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டுந்தான். ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நாளை முதற்சோறு தீத்துவதற்கு முன், உங்களுக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

மூத்தவனுக்கு நான் பால் கொடுத்தது ஐந்தே கிழமை. பிறந்த இரண்டாம் இரவு அவன் விடாமல் அழுதான். "தாய்க்குப் பால் காணாது, பால்மா வாங்கி வாங்கோ" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். போத்தல் வந்தது. பிள்ளை மார்பில் குடிப்பது குறைய, பாலும் குறைந்துகொண்டே போனது. அதை என் உடம்பின் குறை என்றே நான்கு வருடம் மனதுக்குள் வைத்து அழுதேன்.

அப்படியில்லை என்று விளங்கவைத்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். மிஸ், ஏழாம் மாதம் கிளினிக் வகுப்பில் நீங்கள் சிங்களத்தில் சொல்லி முடித்த அனைத்தையும் எங்கள் நாலைந்து பேருக்காக முதலிலிருந்து தமிழில் சொன்னீர்கள். ஒரு சொல்லும் சுருக்கவில்லை. துணிப் பொம்மையை ஒவ்வொருவர் கையிலும் தந்து பிடிக்கப் பழக்கினீர்கள். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேரே இருக்க வேண்டும், கொட்டாவி விடுவதுபோல் வாய் திறக்கும்வரை பொறுக்க வேண்டும், காம்போடு சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போக வேண்டும், நாடி மார்பில் முட்ட வேண்டும். முதல் நாள் அந்த வயிறு ஒரு தடவைக்குத் தேக்கரண்டி அளவுதான் கொள்ளும் என்று நீங்கள் சொன்னபோது, மூத்தவனை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும் என்றீர்கள். போதுமா என்று பார்க்க அழுகையை நம்பாமல் பிள்ளை நனைத்த துணியை எண்ணச் சொன்னீர்கள்: ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்குக் குறைந்தது ஆறு இருந்தால் பயமில்லை.

அடுத்த வகுப்புக்கு மாமியையும் கூட்டிவரச் சொன்னீர்களே, அதுதான் எங்கள் வீட்டையே மாற்றியது. "முதல் பாலைப் பீய்ச்சி ஊத்துறதுதானே வழக்கம்" என்றார் மாமி. நீங்கள் அவரை மறுத்துப் பேசவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, "நீங்க உங்கட பிள்ளையளுக்கு எவ்வளவு காலம் குடுத்தனீங்க அம்மா?" என்று கேட்டீர்கள். "ரெண்டரை வருசம்." "அப்ப இவவுக்கு நீங்கதான் துணை நிக்கோணும்." பிறகுதான் அந்த மஞ்சள் பாலில் நோயெதிர்ப்புச் சக்தி இருப்பதை எடுத்துச் சொன்னீர்கள். அன்றிலிருந்து மாமி எனக்குக் காவல். பால்சுறா வறையும் சரக்குக் கறியும் வைத்துத் தந்தார். பால்மா டின்னோடு வந்த சொந்தக்காரரிடம், "இவளுக்குப் பால் ஊறுது, இது வேண்டாம்" என்று சொன்னவரும் அவர்தான்.

சிசேரியன் முடிந்து திரும்பக்கூட முடியாமல் கிடந்தபோது பிள்ளையைப் பக்கத்தில் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்த தாதியே, உங்களுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சந்தான். "வாய் பெரிசு, வாய் பெரிசு" என்று விடியும்வரை நாலு தடவை வந்து பார்த்தீர்கள். சின்னவளும் இரண்டாம் இரவு அழுதாள். இந்தமுறை நான் பயப்படவில்லை.

84 வேலைநாள் லீவு முடிந்து போனபோது, கோப்புகள் வைக்கும் அறையின் திறப்பை ஒன்றும் கேட்காமல் என் மேசையில் வைத்த கணக்குப் பகுதி அக்காவுக்கும் நன்றி. அங்கேதான் பால் எடுத்தேன். பிறகு அலுவலகக் குளிர்சாதனப் பெட்டி, அங்கிருந்து ஐஸ் பெட்டி, பஸ், வீடு. மறுநாள் மாமி அதைச் சின்னக் கோப்பையால் பருக்குவார். போத்தல் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. இரவெல்லாம் எழும்பித் துணி மாற்றிய என் கணவருக்கு நன்றியை நேரே சொல்லிவிட்டேன்.

மிஸ், நாளை காலை கிளினிக்குக்கு முதல் ஒருக்கால் வீட்டுக்கு வாங்கோ. முதல் பிடியை மாமிதான் தீத்துகிறார். தாய்ப்பாலை இரண்டு வயதுவரை நான் நிறுத்தமாட்டேன்.

அன்புடன்,
சின்னவளின் அம்மா
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13