அந்த நெகட்டிவைத் தேடி எடு

அன்புள்ள கயல்,

மழை விட்டதும் யாஷிகா கேமராவைத் தூக்கிக்கொண்டு பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போய்விட்டேன். அம்மா திட்டினாள், அது இருக்கட்டும். துடுப்புப் படகுதான் எடுத்தேன். மோட்டார் படகில் உட்கார்ந்து மரத்தைப் படம் எடுக்க முடியாது. ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான் என்றதும் படகுக்காரர், "அப்போ பன்னிரண்டு மரத்தோட திரும்பிடலாம் சார்" என்று சிரித்தார்.

கரை மேட்டில் ஒரு தில்லை மரம். உதிரப்போகும் இலைகள் மட்டும் சிவந்து, மற்றதெல்லாம் பச்சை. கறுப்பு வெள்ளையில் சும்மா எடுத்தால் இரண்டும் கலந்து ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவந்த இலை வெளுத்து வரும், பச்சை இருண்டுவிடும். போட்டேன். ஆனால் அது மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஏழு பங்கு வெளிச்சத்தை விழுங்கும் என்பதை மறந்து, கையிலிருந்த ஒளி மீட்டர் சொன்னபடியே மூன்று படம் எடுத்துத் தொலைத்தேன். இத்தனை வருஷம் கேமரா பிடித்தவன்! நாலாவதில்தான் உறைத்தது. குறுக்கே நின்ற கிளையை ஒதுக்கக் கை நீட்டினேன், படகுக்காரர் பதறிவிட்டார். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்தாம்.

அப்புறம் அந்தப் பொட்டலுக்குப் போகச் சொன்னேன். 1992-ல் உன்னை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தேனே, அது. முன்பு காட்டைப் பகுதி பகுதியாக ஒட்ட வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடம் தாழ்ந்து, ஏறின தண்ணீர் வடிய வழியில்லாமல் காய்ந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. பிறகு வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, கடல் ஏறி இறங்கும் ஓதத் தண்ணீர் வந்து போகும்படி செய்து, கரையில் வெண்கண்டல் மரக்கன்றுகள் நட்டார்கள்.

படகுக்காரர் காட்டிய இடத்தை நான் நம்பவில்லை. மரங்கள் அவ்வளவு அடைசல். சேற்றில் மூச்சு வேர்கள், பென்சில் பென்சிலாகக் குத்தி வைத்த மாதிரி. "எங்கப்பா மண்ணு வெட்டுன வாய்க்கால் சார் இது, எனக்குத் தெரியாதா?" என்றார். மிச்சமிருந்த எட்டுப் படத்தையும் அங்கேயே முடித்தேன். கழியைச் சேற்றில் ஊன்றி, படகு ஆடாமல் பிடித்துக்கொண்டார், பாவம்.

ராத்திரியே ஃபிலிமைக் கழுவிவிட்டேன். குழாய்த் தண்ணீர் முப்பது டிகிரிக்கு மேல். பக்கெட்டில் ஐஸ் கொட்டி இருபதுக்கு இறக்குவதற்குள் அம்மாவின் ஃப்ரிட்ஜ் காலி. முதல் மூன்றும் கண்ணாடி மாதிரி வெறுமை. நாலாவதில் தில்லை இலைகள், இருட்டில் விளக்கு ஏற்றிய மாதிரி வந்திருக்கின்றன.

பொட்டல் படத்தின் நெகட்டிவ் உன்னிடம்தான் இருக்கிறது. புனேவுக்குக் கொண்டுபோன பிஸ்கட் டின்னில் பார். ஸ்கேன் எல்லாம் வேண்டாம், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நெகட்டிவையே கூரியரில் அனுப்பு. அந்தப் பழைய படம், இப்போது எடுத்த படம் இரண்டையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டு அந்தப் படகுக்காரருக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓரத்தைத் தவிர வேறெங்கும் விரல் படாமல் எடு.

அன்புடன்,
அப்பா