பாலாற்றில் விடும் கழிவுநீருக்கு மில்லிகிராம் வரம்போடு கிலோ வரம்பும் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்
பாலாற்றங்கரை விவசாயிகள்,
ஆம்பூர் வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை 600 032.

நகல்: மாவட்ட ஆட்சியர், திருப்பத்தூர், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், வாணியம்பாடி.

பொருள்: தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் வழங்கும் இசைவாணையில் (தொழில் நடத்தவும் கழிவுநீர் விடவும் வாரியம் தரும் அனுமதி ஆணை), ஒரு நாளைக்கு வெளியேறக்கூடிய உப்பின் மொத்த எடைக்கு வரம்பு விதிக்கவும், பாலாறு வறண்டிருக்கும் காலத்தில் கழிவுநீரை ஆற்றில் விடுவதைத் தடை செய்யவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் பாலாற்றங்கரையில் தென்னையும் வாழையும் வைத்துப் பிழைக்கிறவர்கள். எங்கள் கிணறுகளுக்கு ஊற்று ஆற்று மணலிலிருந்துதான் வருகிறது. தோல் தொழிற்சாலைகளை இழுத்து மூடுங்கள் என்று கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களே காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போகிறார்கள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். வாரியம் போட்ட வரம்புக்குள்தான் எல்லாம் நடக்கிறது என்று அறிக்கைகள் சொல்லும்போதும் கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பெரிய காரணம் வரம்பை அளக்கிற முறையில் இருக்கும் ஓட்டை என்று நாங்கள் நம்புகிறோம். அதை அடைக்கும் அதிகாரம் சட்டப்படி தங்கள் கையில் இருக்கிறது.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வாரியத்தின் விதி. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மொத்த குரோமியம் 2 மில்லிகிராம் என்று மற்றவற்றுக்கும் வரம்பு உண்டு. இவற்றில் டி.டி.எஸ். வரம்பு நம் மாநிலம் தானாக வைத்துக்கொண்டது. மத்திய அமைச்சகம் அந்த அளவைத் திட்டவட்டமாக நிர்ணயிக்காமல், உள்ளூர் நிலைமையைப் பார்த்து மாநில வாரியங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் (நீரி) அறிக்கையை ஏற்று, தமிழ்நாடு வாரியத்தின் டி.டி.எஸ். வரம்பு செல்லும், மாநிலத்தில் உள்ள எல்லாத் தோல் தொழிற்சாலைகளும் மற்றத் தொழிற்சாலைகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்கள் ஆற்றுக்காகப் போராடி வாங்கிய தீர்ப்பு அது. மாநில வாரியம் தன் மண்ணுக்கும் தன் ஆற்றுக்கும் ஏற்றபடி விதி போடலாம் என்பது அன்றைக்கே முடிந்துபோன விஷயம்.

ஆனால் அந்த 2,100 என்பது ஒரு லிட்டருக்கான கணக்கு. எத்தனை லிட்டர் என்பதை அது கேட்பதில்லை. ஓட்டை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் வரை உப்பு போட்டு வைக்கிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் அதைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். தோலில் இருக்கும் உப்பில் பெரும்பகுதி அந்த முதல் ஊறல் தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறது. அப்புறம் சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றடித்து வளர்க்கும் நுண்ணுயிர்கள் ரத்தம், கொழுப்பு, ரோமம் போன்ற கழிவுகளைத் தின்றுவிடும். அதனால் பி.ஓ.டி. இறங்கும், நாற்றமும் குறையும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. ஆர்.ஓ. வைத்துப் பிரிக்க வேண்டும், அல்லது காய்ச்சி ஆவியாக்க வேண்டும். இரண்டுக்கும் மின்சாரமும் பணமும் நிறைய வேண்டும். மலிவான வழி ஒன்று இருக்கிறது: போர்வெல் தண்ணீரைக் கலந்து அளவை இறக்குவது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்புள்ள கழிவுநீர் ஒரு லட்சம் லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் உப்பு 600 கிலோ. லிட்டருக்கு 800 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீர் மூன்று லட்சம் லிட்டரை அதில் கலந்தால், நான்கு லட்சம் லிட்டரில் 840 கிலோ உப்பு. லிட்டருக்குச் சரியாக 2,100 மில்லிகிராம். மாதிரி எடுத்தால் ஆய்வகத்தில் தேறிவிடும். தொழிற்சாலையின் 600 கிலோ உப்பில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. அதோடு எங்கள் நிலத்தடியிலிருந்து மூன்று லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரும் போயிற்று. குழம்பில் உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றி நாக்கைச் சமாளிக்கலாம், போட்ட உப்பு சட்டியில்தானே இருக்கிறது? அந்தச் சட்டி எங்களுக்கு ஆற்று மணல். தண்ணீர் வெயிலில் போய்விடுகிறது, உப்பு மணலில் தங்கிக் கிணற்றுக்கு இறங்குகிறது.

எடைக் கணக்கு சட்டத்துக்குப் புதிதல்ல. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணை, ஒரு டன் பச்சைத்தோலுக்கு 28 கன மீட்டர் கழிவுநீருக்கு மேல் உண்டாகக் கூடாது என்று சொல்கிறது. 28 கன மீட்டர் என்றால் 28,000 லிட்டர். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பை இதோடு பெருக்கிப் பார்த்தால், ஒரு டன் தோலுக்கு அதிகபட்சம் 58.8 கிலோ உப்புதான் வெளியேறலாம். இரண்டு விதியும் தனித்தனியாகப் புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டையும் பெருக்கி வரும் ஒற்றை எண்ணை இசைவாணையில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஒரு தொழிற்சாலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டன் தோல் பதனிட இசைவு என்றால், 294 கிலோவுக்கு மேல் உப்பு வெளியே போகக் கூடாது என்று எழுதுங்கள். அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் ஒரு பலனும் இருக்காது. ஊறப்போடும் முன் தோலை உதறி உப்பைப் பிரிப்பது, ஊறல் தண்ணீரைத் தனி வாய்க்காலில் கொண்டுபோய் வெயிலில் காயவைப்பது போன்ற, தொழிலில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முறைகளை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு அப்போதுதான் நியாயம் கிடைக்கும். இன்றைக்கு அதற்காகச் செலவு செய்கிறவரும், போர்வெல் தண்ணீரைக் கலக்கிறவரும் ஒரே சான்றிதழைத்தான் வாங்குகிறார்கள்.

கழிவுநீரே வெளியே வராத முறைக்குப் பல இடங்கள் மாறியிருப்பதை வரவேற்கிறோம். ஆனால் ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீரும், ஆவியாக்கிய பிறகு மூட்டை கட்டும் உப்பும் எங்கே போகின்றன என்பதற்கும் கணக்கு வேண்டும். தோலோடு உள்ளே வந்த உப்பு எவ்வளவு, மூட்டையாகக் கட்டியது எவ்வளவு என்று எடை போட்டுக் காட்டட்டும். இரண்டுக்கும் இடையில் காணாமல் போன உப்புக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். கூரை இல்லாமல் குவித்த உப்பு ஒரு கோடை மழைக்கே கரைந்துவிடும்.

அடுத்தது ஆற்றின் நிலை. ஆற்றில் கழிவுநீர் விட அனுமதிப்பதே, ஓடும் தண்ணீர் அதைக் கலந்து கொண்டுபோகும் என்ற நம்பிக்கையில்தான். பாலாறு தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்வதாகப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அது வெறும் மணல் என்பது கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2021 நவம்பரில் வந்ததுபோல் கரைபுரண்டு எப்போதோ ஒருமுறைதான் வருகிறது. வறண்ட மணலில் 2,100 மில்லிகிராம் தண்ணீரை விட்டால் கலப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? வேறு நல்ல தண்ணீர் இல்லாத இடத்திலும் குடிநீரில் 2,000 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பாசனத்துக்கும் 2,000க்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாடு தேவை என்று உலக உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆக, வரம்புக்குள் இருக்கிற கழிவுநீரே குடிக்கவும் ஆகாது, பாய்ச்சவும் ஆகாது. ஆற்றில் ஓட்டம் இருக்கும்போது போட்ட விதியை ஓட்டம் இல்லாதபோதும் அப்படியே வைத்திருப்பது சரியல்ல.

நீர்நிலையின் தரத்தைப் பார்த்து, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, அட்டவணையில் உள்ளதைவிடக் கடுமையான வரம்பை மாநில வாரியம் விதிக்கலாம் என்று அதே 1986 விதிகளின் 3(2) கூறுகிறது. கொடுத்த இசைவாணையின் நிபந்தனைகளை அவ்வப்போது மறு ஆய்வு செய்து மாற்ற, 1974ஆம் ஆண்டு நீர் சட்டத்தின் 27(2) பிரிவு இடம் தருகிறது. இசைவாணை காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த உப்பு வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் குழைவதில்லை, முழுசு முழுசாக நிற்கிறது. சமையலுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். மோட்டாரின் ஃபுட் வால்வைக் கழற்றினால் வெள்ளையாகக் கல்போல் படிந்திருக்கும், சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும். தென்னையில் மட்டை நுனியிலிருந்து காய்ந்து வருகிறது. காய் சிறுத்து, ஓடு மட்டும் கெட்டியாக, உள்ளே பருப்பு மெல்லிசாக இருக்கிறது. வியாபாரி வந்து பார்த்துவிட்டு இரண்டு காயை ஒரு காயாக எண்ணிக்கொள்கிறார். வாய்க்கால் ஓரம் வெயில் ஏறியதும் மண் வெள்ளை பூத்துவிடும், விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். நெல் வைத்த வயல்களில் இப்போது மாட்டுக்குப் புல் போட்டிருக்கிறோம். அந்தப் புல்லும் ஒரு பக்கம் கருகுகிறது.

மழை பெய்கிற இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றில் தண்ணீர் வரும் செய்தி கேட்டால் நாங்கள் சந்தோஷப்படுவோம். ஆனால் விடிந்து போய்ப் பார்த்தால் தடுப்பணைக்குக் கீழே நுரை ஆள் உயரத்துக்கு நிற்கும், காற்றடித்தால் பாலத்தின் மேல் பறக்கும், மீன் செத்து ஒதுங்கும். அதிகாரிகள் வந்து மாதிரி எடுப்பதற்குள் வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கும். யார் விட்டது என்று நாங்கள் கைகாட்டவில்லை, எங்களிடம் ஆதாரமும் இல்லை. ஆதாரம் கிடைக்கும் விதமாக, மழை எச்சரிக்கை வந்த அன்றைக்கே இரவில் மாதிரி எடுக்கும் ஏற்பாட்டை வாரியம்தான் செய்ய முடியும்.

பணம் கொடுத்து இதைத் தீர்க்க முடியாது என்பதை எங்கள் பகுதி அனுபவத்தில் கண்டிருக்கிறது. 1996 தீர்ப்பின்படி இழப்பீட்டைக் கணக்கிட அமைத்த உயிர்ச்சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே ஆற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி, இழப்பீட்டைக் கொடுத்து மாசு செய்தவர்களிடம் வசூலிக்கவும், கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பின்போது பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகின்றன. இழப்பீடு எங்கள் உரிமை, அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அந்தப் பணத்தால் ஒரு கிணற்றைக்கூட நல்ல தண்ணீராக்க முடியவில்லை.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, பாலாற்றுப் படுகையில் உள்ள தோல் தொழிற்சாலைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகியவற்றின் இசைவாணைகளை 27(2) பிரிவின்படி மறு ஆய்வு செய்து, ஒரு நாளுக்கு இத்தனை கிலோ உப்பு, இத்தனை கிராம் குரோமியம், இத்தனை லிட்டர் கழிவுநீர் என்ற மூன்று வரம்பையும் அதில் சேர்க்க வேண்டுகிறோம். நல்ல தண்ணீர் கலந்து வரம்பை எட்டுவதை நிபந்தனையிலேயே தடை செய்து, உள்ளே வரும் போர்வெல் மற்றும் லாரித் தண்ணீருக்கு மீட்டர் வைக்கச் சொல்ல வேண்டும். ஆற்றில் ஓட்டம் இல்லாத காலத்தில் சுத்திகரித்த நீரானாலும் ஆற்றில் விடக் கூடாது என்று 3(2) விதியின்படி ஆணையிட வேண்டும். ஆற்றங்கரைக் கிணறுகள் சிலவற்றை நிலையான சோதனைக் கிணறுகளாக வைத்து, கோடையிலும் மழைக்குப் பிறகும் டி.டி.எஸ்., குளோரைடு, குரோமியம் பார்த்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, அதற்குப் புதிய ஆணைகூடத் தேவையில்லை. நீர் சட்டத்தின் 25(6) பிரிவின்படி, இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும். கழிவுநீரால் பாதிக்கப்பட்ட எவரும் நியாயமான நேரங்களில் அதைப் பார்க்கலாம். இது 1974ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்குக் கொடுத்த உரிமை. எங்கள் வட்டத்துக்குரிய பதிவேட்டை மாவட்ட அலுவலகத்தில் நாங்கள் பார்த்துக் குறிப்பெடுக்க ஒரு நாள் குறித்துத் தரவும், அதையே தமிழில் வாரிய இணையதளத்தில் வெளியிடவும் வேண்டுகிறோம்.

இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். களஆய்வுக்கு அதிகாரிகளை அனுப்பினால் கிணறுகளையும் வாய்க்கால்களையும் நாங்களே கூடவந்து காட்டுகிறோம். முன்கூட்டிச் சொல்லாமல், மழை நாளில் வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலாற்றங்கரை விவசாயிகள்,
ஆம்பூர் வட்டம்.

இணைப்பு: கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளின் நகல்கள், கையொப்பப் பட்டியல்.