மனையியல், தையல் ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. மாணவர் கண்காட்சி வழக்கம்போல் நடந்தது.

விரிவாகச் சொல்ல வேண்டியது துண்டுத்துணித் திட்டம் பற்றி. சென்ற கண்காட்சியில் ஒரே கைப்பை, ஒரே பூ வரிசையாக இருந்ததைப் பார்த்தோம். ஆசிரியர் வெட்டித் தந்ததற்கு மாணவர் ஓரம் அடித்திருந்தார், அவ்வளவுதான். அதை மாற்றவே, ஆளுக்கு 30 செ.மீ. சதுரப் பருத்தித் துணி, இரண்டு நிற நூல், மூன்றே தையல் (ஓடு தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல்) என்று வரையறுத்தோம். மாதிரிப் படம் கிடையாது. "இஷ்டப்படி செய்" என்று விட்டால் பிள்ளைகள் திகைத்துப்போய்ப் பூவைத்தான் போடுகிறார்கள். எல்லை கட்டிக் கொடுத்தால் தையலை நீட்டுவது, நெருக்குவது, நூலைப் பிரித்து ஒற்றை இழையில் தைப்பது என்று தாமே தேடுகிறார்கள். ஒரு மாணவி சங்கிலியின் கண்ணிகளைத் தளர்த்திவிட்டு, நடுவே இரண்டாம் நிற நூலை ஓட்டியிருந்தார். சோதனைத் துண்டில் கண்ணிகள் சரிந்தன. ஒவ்வொன்றின் முனையையும் சிறு தையலால் அடக்கியதும் நின்றன.

சோதனைத் துண்டு 10 செ.மீ. போதும். கெட்டுப்போனதையும் குறிப்பேட்டில் ஒட்டி, ஏன் கெட்டது என்று இரண்டு வரி எழுத வேண்டும். 25 மதிப்பெண்ணில் 10 அதற்கு. இதை விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்த பொருளுக்கு மட்டுமே மதிப்பெண் என்றால் எந்தப் பிள்ளையும் துணிந்து கை வைக்காது.

ஒட்டுத்துணி வேலையில் கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டிய துண்டுகள் இழுபட்டு நெளிந்தன. கரைக்கு இணையாக, இழை பார்த்து வெட்ட வேண்டும். முடிச்சுச் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்ததற்குப் புதுத்துணியின் கஞ்சியே காரணம். சோப்பு போட்டு வெந்நீரில் அலசிய பிறகே கட்ட வேண்டும். பருத்திச் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. சந்தேகமிருந்தால் ஆசிரியரே ஓர் இழையை எரித்துப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். மெஷினில் துணிக்கு அடியில் நூல் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றுகிறார்கள். தவறு பெரும்பாலும் மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து மேல்நூலை மறுபடி கோக்கச் சொல்லுங்கள்.

இவை அனைத்தும் பயிற்சி நாளில் செய்து காட்டப்பட்டன. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஆளுக்கு ஒரு பை துண்டுத்துணி, வகை பிரித்துக் கொண்டுவருவதாகத் தீர்மானம் போட்டோம். வந்தவை மூன்று பைகள். ஒன்றில் எல்லாம் கலந்து கிடந்ததால் பிரிக்கவே ஒரு மாலை போயிற்று. "திட்டம் விளங்கவில்லை" என்று பிறகு எழுதியவர்கள் அன்று வராதவர்களே என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். நூல், ஊசி, சாயத்துக்கே பெரும்பகுதி போனது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி பலரிடம் நிற்கிறது, சிலரிடம் இரண்டாம் ஆண்டாக.

இடம் தந்த பள்ளிக்கும், மெஷின்களைப் பழுது பார்த்துத் தந்தவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பழைய சட்டையைப் பிரித்துப் புதுப்பொருள் தைக்கும் திட்டத்தை எடுக்கலாம் என்பது என் எண்ணம். வகுப்புக்கு ஐந்து தையல் பிரிப்பான்களாவது வேண்டும். பொறுப்பேற்க இளைய உறுப்பினர் எவரேனும் முன்வந்தால் குறிப்புகள் அனைத்தையும் ஒப்படைக்கிறேன். எவரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் முதல் கூட்டத்துக்குள் பாக்கி தீர்ந்து, துணிப் பைகளும் பிரித்து வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

செயலாளர்